பாவாயி அக்கா கேட்ட தாழ்ப்பாள்

செவ்வாய்க்கிழமை காலை. சங்ககிரியில் நான் வேலை பார்க்கும் லாரி புக்கிங் ஆபீசில், லோடு ஏற்ற வராத டிரைவர் ஒருவரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தேன். அப்போது என் கைப்பேசியில் ராசம்மா அக்காவின் பெயர் தெரிந்தது. நான் வளர்ந்த இல்லத்தில் சமையல் பார்ப்பவர். அது இட்லி வேகும் நேரம், அந்நேரத்தில் அவர் யாரையும் அழைக்கமாட்டார். டிரைவரை அப்படியே விட்டுவிட்டு எடுத்தேன்.

“தெய்வா, பாவாயி போயிருச்சு சாமி. தூக்கத்துலயே போயிருச்சு.”

அவரே தொடர்ந்தார். “டாக்டரு வந்து பாத்துட்டாரு. நெஞ்சு நின்னு ரொம்ப நேரமாச்சுன்னாரு. பக்கத்துல ஆளிருந்திருந்தாக்கூட ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னுட்டாரு. ஆனா இங்க வேற பேச்சு பேசறாங்க. நீ வெரசா வா.”

“என்ன பேச்சுங்கக்கா?”

“உள்தாப்பா போட்டிருந்ததாலதான் செத்துப்போச்சுங்கறாங்க.”

இறந்தவரைப் பற்றி எழுதும்போது மனம் கனிந்து எழுத வேண்டும் என்பார்கள். எனக்குக் கனியவில்லை. எரிகிறது. பாவாயி அக்காவுக்காக அழவேண்டிய அழுகையில் பாதி இன்னும் உள்ளேயே இருக்கிறது. அது வெளியே வருவதற்கு முன்னால் இந்தக் கோபம் போக வேண்டும். ஆகவே அவரை அறிந்தவர்களும் அறியாதவர்களும் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று சக்கர ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். இல்லத்தின் பெயரை எழுதப்போவதில்லை. மல்லசமுத்திரத்திலிருந்து உள்ளே போகும் சாலையில், கிழங்குக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது என்பது போதும். வாசலில் அதற்குள் பிளக்ஸ் கட்டிவிட்டிருந்தார்கள். “எங்கள் இல்லக் குழந்தை செல்வி பாவாயி” என்று போட்டிருந்தது. குழந்தை! தலை முழுக்க நரைத்து, கண்ணாடி போட்டு, ஊசியில் நூல் கோக்க ஆள் தேடிக்கொண்டிருந்த பெண்மணி குழந்தையாம். அந்தச் சொல் அவருக்கு ஆகவே ஆகாது. ஒருமுறை சேலத்திலிருந்து வந்த ஒரு விருந்தினர் தாடையைப் பிடித்து, “நல்ல கொழந்தை” என்று கொஞ்சியபோது, “கொழந்தைக்கு மூட்டுவலி தாங்கலீங்க, தைலமிருந்தா குடுத்துட்டுப் போங்க” என்று சொன்னவர் அவர்.

பிளக்ஸில் இருந்த படத்தையும் சொல்லவேண்டும். யாரோ ஒருவர் பிறந்தநாளுக்குச் சேலை கொடுத்தபோது எடுத்த படம் அது. கொடுத்தவரை வெட்டி எடுத்திருக்கிறார்கள், ஆனால் கை மட்டும் ஓரத்தில் நின்றுவிட்டது. மோதிரம் போட்ட கை, சேலை, அதற்குப் பக்கத்தில் அக்காவின் முகம். இத்தனை வருடத்தில் அந்த மனுஷியைத் தனியாக வைத்து ஒரு படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

செயலாளர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். இல்லத்தை ஆரம்பித்த பெரியவரின் மகன். மெதுவாகப் பேசுவார், அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. “என்னம்மா பண்றது? உள்ள தாப்பா போட்டுப் படுத்திருக்குது. கதவை ஒடைச்சுத்தான் தொறந்தோம். அந்த நேரத்துல போயிருச்சு” என்றார்.

நான் நேராக அக்காவின் அறைக்குப் போனேன். கதவைப் பார்த்தேன். இரும்புத் தகரக் கதவு. ஒரு நசுங்கல் கிடையாது, பெயின்ட் கூடப் பெயரவில்லை. தாழ்ப்பாள் அதன் இடத்தில் இருந்தது. உடைத்த கதவு இப்படியா இருக்கும்? ராசம்மா அக்காவைக் கேட்டேன். “நாந்தான் கம்பி உட்டுத் தூக்குனேன். தட்டிப் பாத்தேன், சத்தமில்ல, ஒடனே தொறந்துட்டேன். ஒடைச்சாங்களாமா? எந்தக் கையில ஒடைச்சாங்க?” என்றார் அவர்.

கம்பி என்றால் என்ன என்று சொல்வதற்கு, இந்தத் தாழ்ப்பாள் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். பாவாயி அக்காவின் வாழ்க்கையும் அதுதான், இந்த இல்லத்தின் வரலாறும் அதுதான். ஆண்டு மலரில் வேறு வரலாறு போட்டிருப்பார்கள், அதை அவர்களே படித்துக்கொள்ளட்டும்.

இல்லம் முதலில் ஒரு ஜவ்வரிசி குடோனில் ஆரம்பமானது. பெரியவர் ஜவ்வரிசி வியாபாரி. இளம்பிள்ளைவாதம் வந்து தவழும் பிள்ளைகளைப் பார்த்து மனம் பொறுக்காமல், சொந்த குடோனில் மூட்டைகளை வெளியேற்றிவிட்டுப் பாய் விரித்தவர். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் பார்த்த அக்காவின் அப்பா, மகளை முதுகில் தூக்கிக்கொண்டு வந்து அங்கே உட்காரவைத்தார். “பொங்கலுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன் கண்ணு” என்றாராம். எந்தப் பொங்கல் என்று சொல்லவில்லை. “அது அப்பன் மேல தப்பு இல்ல, நானும் கேக்காம உட்டுட்டனில்ல” என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

குடோன் கதவுக்கு வெளியில் மட்டும்தான் தாழ்ப்பாள் இருக்கும். உள்ளே எதற்கு? ஜவ்வரிசி மூட்டை எழுந்துவந்து கதவைச் சாத்திக்கொள்ளவா போகிறது? அது நியாயம்தான். பிறகு கூட்டம் பெருகி, அறை அறையாகப் புதிய கட்டடம் கட்டினார்கள். அப்போது பெரியவர், பழக்கமான பட்டறையிலேயே கதவுகளுக்குச் சொல்லிவிட்டார். பட்டறைக்காரரும் எப்போதும் செய்கிற கதவையே செய்துகொடுத்தார். எல்லா அறைக்கும் வெளியில் தாழ்ப்பாள், உள்ளே இழுக்க ஒரு பிடி, மற்றபடி வெறும் தகரம். பெண்கள் அறை, குளியலறை, எல்லாமே. திறப்பு விழாவுக்கு எத்தனையோ பெரிய மனிதர்கள் வந்து போனார்கள். ஒருவர் கண்ணுக்கும் அது படவில்லை.

நான் ஊன்றுகோலோடு அந்த இல்லத்துக்குப் போனபோது வயதுக்கு வந்திருந்தேன். அக்கா என்னைவிடச் சில வயது மூத்தவர். இரண்டு காலும் வராது, தரையில் கைகளை ஊன்றி நகர்ந்துதான் போவார். கை மெஷினில் ஜாக்கெட் தைப்பார். ஊரிலிருந்தும் அவரிடம் தைக்க வருவார்கள். முதல் நாள் நான் துணி மாற்றத் தயங்கி நின்றபோது, நகர்ந்து வந்து கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, “மாத்திக்க சாமி, நான் பாத்துக்கறேன்” என்றார். எங்கள் பழக்கம் அதுதான். ஒருத்தி மாற்றும்போது இன்னொருத்தி கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார வேண்டும். காய்ச்சல் என்றாலும் உட்கார வேண்டும். ஊன்றுகோலைக் கதவின் பிடியில் குறுக்கே விட்டுப் பார்த்தோம், அது வழுக்கிக் கீழே விழுந்தது.

இப்போது பிறந்தநாள்காரர்களைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் இல்லத்துக்கு வந்து ஒருவேளைச் சாப்பாடு போடுவார்கள். போடட்டும், புண்ணியம். ஆனால் இலையில் சோறு விழுவதற்கு முன்னால் நாங்கள் வரிசையாக உட்கார்ந்து கைகூப்பி வாழ்த்துப் பாட வேண்டும். பசியில் பாடினாலும் முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும், படம் எடுப்பார்கள். “பொறந்தநாளு அவுங்களுது, பாட்டு நம்மளுது, கேசரி மட்டும் ரெண்டு பேருக்கும் பொது” என்பார் அக்கா. சாப்பாடு முடிந்ததும் இல்லத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். அதாவது எங்களைச் சுற்றிக் காட்டுவார்கள். “இது பொண்ணுங்க ரூமுங்க” என்று தட்டாமல் கதவைத் தள்ளுவார்கள்.

அப்படி ஒரு நாள் தள்ளியபோது அக்கா ஜாக்கெட் மாற்றிக்கொண்டிருந்தார். கதவுக்குக் காவல் இருக்க வேண்டிய பெண்ணைப் பந்தி பரிமாறக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு குடும்பமே உள்ளே வந்துவிட்டது. ஆண்கள், பெண்கள், கையில் கேமரா. அவர்கள் பார்த்துவிட்டு வெளியே ஓடினார்களா? இல்லை. “பாவம்” என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்கள். அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியை இழுத்து மூடிக்கொண்டு, எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவு சத்தமாக, “வெளிய போங்க!” என்று கத்தினார். அதற்குப் பிறகு அவரைத்தான் ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள், வந்தவர்கள் மனம் நோகும்படி நடந்துகொண்டாராம். அடப்பாவிகளா!

அன்றைக்குத்தான் அவர் பெரியவரிடம் கேட்டார். நானும் கூட இருந்தேன்.

“அய்யா, எங்க ரூமுக்கு உள்ள ஒரு தாப்பா வெச்சுக் குடுங்க.”

“அதெப்படி சாமி? உள்ள தாப்பா போட்டுட்டு உழுந்து கெடந்தீன்னா யாரு தொறக்கறது?”

“ஏனுங்கய்யா, உங்க ஊட்டுல அம்மிணிங்க ரூமுக்குத் தாப்பா எந்தப் பக்கமுங்க?”

பெரியவர் கோபப்படவில்லை. மேசையிலிருந்த பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். நாங்கள் திரும்பி வந்தோம். பிறகு அக்கா ஒவ்வொரு முறை கேட்டபோதும் ஒவ்வொரு காரணம் வந்தது. கதவு தகரம், திருகு பிடிக்காது. ஆள் வரவேண்டும். தேர்த் திருவிழா முடியட்டும். இதெல்லாம் எங்கள் பாதுகாப்புக்காகத்தான். கடைசிக் காரணத்தைக் கேட்ட அன்று அக்கா வாயைத் திறந்தே திட்டினார், என்ன திட்டு என்பதை இங்கே எழுத முடியாது.

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் ரிக் வண்டி வைத்திருந்த ஒருவர், தன் மகள் பிறந்தநாளுக்கு விருந்து போட வந்தார். எலுமிச்சைச் சோறு, வடை, கேசரி, எல்லாம் தயார். ஆண்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் பக்கம் ஒருவர்கூட வரவில்லை. நாங்கள் எல்லோரும் பெரிய அறையில் இருந்தோம். இரும்புக் கட்டிலைக் கதவோடு சேர்த்துத் தள்ளி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டோம். அக்கா சொன்ன யோசனைதான். “தாப்பா குடுக்கலீன்னா நாமளே தாப்பாளு” என்றார். வெளியே வார்டன் கத்தினார், பெரியவர் கெஞ்சினார், கேசரி ஆறியது. எங்களில் சின்னப் பெண்களுக்குப் பசி. ஒருத்தி அழுதாள். அக்கா அவளை மடியில் போட்டுக்கொண்டார், ஆனால் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

கடைசியில் ரிக்காரர் மனைவியே கதவருகே வந்தார். மற்றவர்களைப்போலத் தள்ளவில்லை. தட்டினார். அந்த இல்லத்தில் எங்கள் கதவை ஒருவர் தட்டியதை நான் கேட்டது அதுதான் முதல்முறை. “என்னாச்சுங்க, எல்லாரும் உள்ளயே இருக்கறீங்க?” என்று கேட்டார்.

அக்கா சொன்னார்: “உடுத்திக்கிட்டிருக்கமுங்க, கொஞ்சம் இருங்க.”

அந்தப் பெண்மணிக்கு அது போதுமாக இருந்தது. கதவை மேலும் கீழும் பார்த்திருக்கிறார். வெளியில் தாழ்ப்பாள். சாயங்காலம் அவர் போகும்போது பெரியவரிடம் என்ன பேசினாரோ, அடுத்த வாரம் அவர்கள் ரிக் பட்டறையிலிருந்து வெல்டிங் ஆள் வந்தார். ரிக்குக்குச் செய்கிற இரும்பிலேயே கனமான கொண்டி செய்து கொண்டுவந்திருந்தார். எங்கே வைப்பது என்று கேட்டபோது அக்கா தரையில் உட்கார்ந்தபடியே கையை நீட்டிக் காட்டினார். “இங்க வெய்யுங்க. நிக்கறவங்க குனிஞ்சுக்கட்டும்.” அதனால்தான் இன்றைக்கும் அங்கே எல்லாத் தாழ்ப்பாளும் முழங்கால் உயரத்தில் இருக்கின்றன.

இன்னொன்றையும் அவரேதான் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு தாழ்ப்பாளுக்கு நேராகவும் கதவில் ஒரு சிறு துளை. வளைந்த கம்பி ஒன்றை வெளியிலிருந்து விட்டுத் தூக்கினால் கொண்டி விலகும். “நெசமாவே உழுந்து கெடந்தா யாராச்சும் வரோணுமில்ல? கம்பி ராசம்மாகிட்ட இருக்கட்டும். அது தட்டாம வராது” என்றார். பெரியவர் பயந்த பயத்துக்கும் அவர்தான் வழி சொன்னார். அந்தக் கம்பி இன்றும் சமையலறை ஆணியில் தொங்குகிறது. அதைக் கொண்டுதான் செவ்வாய்க்கிழமை காலையில் ராசம்மா அக்கா கதவைத் திறந்தார்.

எனக்கு வேலை கிடைத்துச் சங்ககிரியில் வாடகை வீடு எடுத்தபோது, அக்காவை ஆட்டோவில் அழைத்துவந்தேன். பால் காய்ச்சினேன். அவர் வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தார். “உன்ற ஊட்டுத் தாப்பா மேல இருக்குது, எனக்கு எட்டாது போ” என்றார். பிறகு என்னை எழுந்து போய்ச் சாத்தச் சொன்னார், மறுபடி திறக்கச் சொன்னார், மறுபடி சாத்தச் சொன்னார். “நல்லாருக்குது சத்தம்” என்று சொல்லிவிட்டுத்தான் பாலைக் குடித்தார். என்னோடு வந்து இருங்கள் என்று கூப்பிட்டேன். “அங்க புதுசா வர்ற புள்ளைகளுக்கு யாரு சொல்லிக் குடுப்பா, உள்ள தாப்பா இருக்குதுன்னு? பாதிப் பேரு பயத்துல போடறதே இல்ல” என்றார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

இப்படிப்பட்ட மனுஷிக்கு அவர்கள் செய்த மரியாதையைக் கேளுங்கள்.

தகனம் செவ்வாய்க்கிழமையே முடிந்தது. அண்ணன் என்று ஒருவர் வந்தார். இத்தனை காலத்தில் அவர் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே கொள்ளி வைத்துவிட்டு, குளிக்கக்கூட நிற்காமல் போய்விட்டார். அவரைப் பற்றி எழுதி இந்தக் காகிதத்தை வீணாக்க விரும்பவில்லை.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை, இல்லத்தின் ஹாலில் இரங்கல் கூட்டம். மாலை போட்ட படம், அதே படம், மோதிரக் கையோடு. செயலாளர் மைக்கைப் பிடித்து மெதுவாகப் பேசினார். பாவாயி எங்கள் வீட்டுக் குழந்தை. தாழ்ப்பாளால் அந்தக் குழந்தையை இழந்துவிட்டோம். இனி இன்னொரு குழந்தையை இழக்க மாட்டோம். ஆகவே எல்லா அறைகளிலும் உள்தாழ்ப்பாளை எடுத்துவிட நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. பாவாயியின் நினைவாக இந்தப் பாதுகாப்பு ஏற்பாடு.

நினைவாக! அவர் கேட்டு வாங்கியதை அறுத்துப் போடுவது அவர் நினைவாகவாம்!

நான் எழுந்தேன். எனக்கு வாய் நீளம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். “ஏனுங்க, கதவை ஒடைச்சீங்கன்னு சொன்னீங்களே, ஒடைஞ்ச கதவைக் காட்டுங்க பாக்கலாம்” என்றேன். “டாக்டர் என்ன சொன்னாருன்னு மைக்குல சொல்லுங்க. ராத்திரி டூட்டிக்கு இருந்த ஆயாவை நிறுத்துனது யாருன்னும் சொல்லுங்க. பெல்லு வெச்சுக் குடுங்கன்னு அக்கா கேட்டுட்டே இருந்தாங்களே, அதையும் சொல்லுங்க.”

“உணர்ச்சிவசப்படாதம்மா. இது துக்க வீடு” என்றார் செயலாளர். பக்கத்திலிருந்தவர்கள் என் கையைப் பிடித்து உட்காரச் சொன்னார்கள். வெளியே ஒரு டெம்போ வந்து நின்றது. மல்லசமுத்திரத்துப் பட்டறையிலிருந்து, இரும்பு வெட்டும் மெஷினோடு ஒருவர் இறங்கினார். கூட்டம் முடியும்வரைக்கும்கூட அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

அதைப் பார்த்ததும் பெண்கள் பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலி திரும்பியது. பிறகு இன்னொன்று. ஊன்றுகோல்கள் தரையில் தட்டின. தரையில் நகர்ந்து போகிறவர்கள் நகர்ந்தார்கள். மலர் தூவ வைத்திருந்த தட்டை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் போனார்கள். செயலாளர், “குழந்தைங்களா, உக்காருங்க” என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். வராந்தாவிலிருந்து சத்தம் கேட்டது. டக். ஒரு கதவு. டக், அடுத்தது. வரிசையாகக் கதவுகளில் உள்ளேயிருந்து தாழ் விழுந்தது.

பட்டறைக்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு முதல் கதவருகே போய் நின்றார். பார்த்தார். திரும்பி வந்தார்.

“உள்ள ஆளிருக்குதுங்க.”

“அதனாலென்ன, வெளியிலிருந்து வெட்டுங்க” என்றார் செயலாளர்.

“நெருப்பு பறக்குமுங்க. பொம்பளைங்க உள்ள இருக்கையில நான் வெட்டமாட்டனுங்க. எனக்கும் பொண்ணு இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு மெஷினை டெம்போவில் ஏற்றினார் அந்த மனிதர். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளத் தவறிவிட்டேன். ராசம்மா அக்கா சமையலறை ஆணியிலிருந்த கம்பியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒரே ஒரு அறை மட்டும் திறந்து கிடந்தது. பாவாயி அக்காவின் அறை. உள்ளே அவருடைய தையல் மெஷின், பாதி தைத்த ஜாக்கெட் ஒன்று, கண்ணாடிக்கூடு. தாழ் போட ஆளில்லாத கதவு. வேறு ஒரு பட்டறைக்காரர் வந்தால் முதலில் இதைத்தான் வெட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் முழங்கால் உயரத்தில் இருந்தது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்தால்தான் எனக்கு எட்டும். உட்கார்ந்தேன். அவர் எப்போதும் உட்கார்ந்திருந்த இடம் அது. கொண்டியைத் தள்ளினேன். நல்ல சத்தம்தான் அக்கா, நீங்கள் சொன்னது சரி.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. நீங்கள் போய்ட்டு வாங்க அக்கா. பொங்கலுக்கு வருகிறேன் என்று உங்களிடம் யாரும் இனிப் பொய் சொல்லமாட்டார்கள். நீங்கள் போகிற இடத்திலும் கதவு இருக்கும், அதற்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள், உங்களுக்குக் கேட்கத் தெரியும்.

வெளியே யாரோ கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். திறக்கவில்லை. பிறகு, வேறு வழியில்லாமல், தட்டினார்கள்.

“உடுத்திக்கிட்டிருக்கமுங்க, கொஞ்சம் இருங்க” என்றேன்.